முப்பத்தெட்டுப் படங்கள்

பிப்ரவரி 26

வணக்கம் அம்மா,

மருத்துவமனைக்கு எதிர்ச் சாரியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. இந்த மாதம் பதினொன்றாம் தேதி உங்கள் குழந்தையை முப்பத்தெட்டுப் படங்கள் எடுத்தவன் நான். குழந்தைகள் பிரிவின் தலைமை நர்ஸ் அன்று காலை கடைக்குப் போன் செய்து, "அம்மா ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல இருக்காங்க சார். அவங்க கண் முழிக்கிற வரைக்கும் குழந்தை தாங்குமான்னு டாக்டருக்கே தெரியல. சீக்கிரம் வந்து எடுத்துக் குடுத்துடுங்க" என்றார். இப்படிப்பட்ட குழந்தைகளை ஆறு வருடமாக எடுத்துத் தருகிறேன். இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

உங்கள் படங்கள் இருந்த மெமரி கார்டு பழுதாகிவிட்டது அம்மா. அதில் இருப்பதைப் படிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் முயன்று பார்த்தேன். படங்களைத் தங்களிடம் சேர்க்க இயலாமல் போனதற்கும், தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கும் வருந்துகிறேன்.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்காரர்

*

மார்ச் 5

போட்டோக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மருத்துவமனையில் என் வீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து அது என் அக்கா வீட்டுக்கு வந்தது. இப்போது நான் இங்கேதான் இருக்கிறேன். பஸ்ஸில் ஒரு பகல் தூரம்.

'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.' இந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குழாயில் தண்ணீர் வராதவர்களுக்கு, சாக்கடை கலந்து வந்தவர்களுக்கு, ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதே வரியை அடித்து அனுப்புகிறேன். அடிக்கும்போது ஒரு தடவையாவது நான் வருந்தியிருக்கிறேனா என்று நீங்கள் கேட்டால், இல்லை. அலுவலகத்தில் எனக்குப் புகார்ப்பெட்டி என்று பெயர். அந்தப் பெட்டிக்கே அந்த வரி வந்து சேர்ந்திருக்கிறது.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். காலை ஏழு மணிக்கு அவளை எடுத்தார்கள். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. இரண்டாவது தடவையும் மயக்க மருந்து கொடுத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் போய்விட்டாள். நான் கண் விழித்தது மூன்றாம் நாள். அதற்குள் எல்லாம் முடித்துவிட்டார்கள். பத்து மாதம் சுமக்க வேண்டியவளை எட்டு மாதம் சுமந்தேன். ஒரு நிமிடம் பார்க்கவில்லை. "போட்டோ எடுத்து வெச்சிருக்கும்மா, வந்துடும்" என்று நர்ஸ் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன்.

என் கணவர் அவளைப் பார்க்கவில்லை. அறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டாராம். அவரே சொன்னார். அதனால்தான் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். டாக்டரும் நர்ஸும் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ குழந்தைகள். ஆற அமர உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் பார்த்ததை எழுதி அனுப்புங்கள். போன் வேண்டாம். போனில் நான் அழுதுவிடுவேன், உடனே நீங்கள் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

இன்னொன்று. அரைப் பக்கக் கடிதத்தில் என்னை இரண்டு தடவை 'அம்மா' என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். மரியாதைக்குத்தான் என்று தெரியும். வேண்டாம்.

— புகார்ப் பிரிவு

*

மார்ச் 12

சகோதரிக்கு,

மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் நான்கு தாள்களைக் கிழித்தேன். வாடிக்கையாக வரும் ஒரே வார்த்தையை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். எடுத்ததும் சரிதான். எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

'கார்டு பழுதாகிவிட்டது' என்று எழுதினேன். அது தானாகப் பழுதானதுபோல எழுதினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இரண்டு கேமராக்கள். ஒன்றில் இரண்டு கார்டு போடலாம். ஒரு படம் எடுத்தால் இரண்டிலும் பதியும். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். மருத்துவமனைக்கு எப்போதும் அதைத்தான் எடுத்துப்போவேன். அன்று அது பழுது பார்க்கிறவரிடம் இருந்தது. பழைய கேமராவில் ஒரு கார்டுதான். அந்தக் கார்டுக்கு நாலு வயது. அன்று காலை கடையில் அதைப் போட்டபோது 'கார்டு பிழை' என்று திரையில் வந்தது. வெளியே எடுத்துச் சட்டை முனையால் துடைத்துத் திரும்பப் போட்டேன். வேலை செய்தது. சரி, தூசி என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் அப்படி நினைக்கலாமா? ஒரு முறை பிழை காட்டிய கார்டைக் குப்பையில் போட வேண்டும் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் குழந்தையை எடுத்து முடித்ததும் ஒவ்வொரு படமாகப் பின்னால் திரையில் பார்த்தேன். முப்பத்தெட்டும் நன்றாக இருந்தன. கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்க வேண்டும். சாலையைக் கடந்தால் கடை. அறுபது எட்டு வைத்தால் போதும். அன்று மதியம் ஒரு பள்ளியில் அடையாள அட்டைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை எடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். நேரமாகிவிட்டது என்று நேரே பள்ளிக்குப் போனேன். அதே கேமரா, அதே கார்டு. ஏறக்குறைய நூற்றைம்பது பிள்ளைகள் ஆனதும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அணையவில்லை. பேட்டரியைப் பிடுங்கினேன். கடைக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரில் போட்டால், 'இந்தக் கார்டை அழித்துப் புதிதாக்கவா?' என்று கேட்கிறது. வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது.

பள்ளிப் பிள்ளைகளை மறுநாள் திரும்ப வரிசையில் நிறுத்தி எடுத்துவிட்டேன். அதுதான் என்னை அரிக்கிறது.

கார்டை அழிக்கவில்லை. அழிந்த படங்களை மீட்கிறவர்கள் பெரிய ஊரில் இருக்கிறார்கள். முந்தாநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள்.

பார்த்ததை எழுதச் சொல்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. படம் எடுப்பவன் ஆளைப் பார்ப்பதில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, கை ஆடுகிறதா என்றுதான் பார்ப்பான். பார்க்காத ஒன்றை இரக்கத்தில் எழுதிவிடுவேனோ என்று தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள். கார்டு வரட்டும்.

— ஸ்டூடியோக்காரர்

*

மார்ச் 17

போட்டோக்காரருக்கு,

கார்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்கள் தவறை ஒப்புக்கொண்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்போல. எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, 'மேல்நிலைத் தொட்டியில் பராமரிப்பு' என்று எழுதிவிடுவோம். ஆனால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அறுபது எட்டு என்று ஏன் எண்ணிச் சொன்னீர்கள்? நேற்று அக்கா வீட்டு மாடியில் நானும் அறுபது எட்டு நடந்து பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இங்கே எனக்கு ஒதுக்கியிருப்பது இஸ்திரி போடும் அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் இஸ்திரி மேசை, அத்தானின் உடற்பயிற்சி சைக்கிள், யாரும் ஓட்டாதது. அக்கா நல்லவள். கதவைத் தட்டிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உள்ளே வந்து, "ஏதாவது சாப்பிடுறியா? இன்னொரு குழந்தை பொறக்கும்டி, வயசா போச்சு?" என்பாள். இரண்டு கேள்விக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டுகிறேன். எனக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லை என்று உடம்புக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். பத்து நாள் ஆயிற்று.

கார்டு வரும்வரை பொறுக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் கார்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும், பார்த்ததை மறந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பயம். தினமும் ஸ்டூடியோவுக்கு ஆட்கள் வருகிறார்கள். அவள் முகத்துக்கு மேல் அவர்கள் முகம் ஏறிக்கொண்டே போகும்.

தலையில் முடி இருந்ததா? நிறம் எப்படி? கை எப்படி இருந்தது? அழுதாளா? கண் திறந்தாளா? வலியில் இருந்த மாதிரி இருந்ததா? தெரியாததற்குத் 'தெரியாது' என்று எழுதுங்கள். கட்டிவிட்டு எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். புகார்க் கடிதங்களைப் பன்னிரண்டு வருடமாகப் படிக்கிறேன். எது பொய் என்று மூன்றாவது வரியில் பிடிபட்டுவிடும்.

— பு.பி.

*

மார்ச் 24

சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நான் இருப்பதும் கடையில்தான். பின்னறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. பேச்சுத் துணைக்குச் சுவரில் மாட்டிய மாதிரிப் படங்கள். அவற்றில் பாதிப் பேர் யாரென்று எனக்கே தெரியாது. தலைமை நர்ஸ் இரண்டு தடவை போன் செய்தார். "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் குழந்தையையும் நான் எடுக்கவில்லை.

உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் உள்ளே போனது பதினொன்றே கால் மணிக்கு. ஜன்னல் ஓரத்துப் படுக்கை. திரைச்சீலை பாதி இழுத்திருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது, ஃபிளாஷ் தேவைப்படவில்லை. மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு வயர். வெள்ளைக் குல்லாய் போட்டிருந்தார்கள். பெரிய குல்லாய், இரண்டு மடிப்பு மடித்தும் புருவம் வரை இறங்கியது. ஒரு தடவை நர்ஸ் அதைச் சரிசெய்யக் கழற்றினார். முடி நிறைய இருந்தது. பிடரியில் சுருண்டிருந்தது, இப்போதுதான் குளிப்பாட்டியதுபோல ஈரமாக. நிறம் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. உதடு மட்டும் கொஞ்சம் நீலம். இடது காதின் மேல் விளிம்பு உள்பக்கம் மடிந்திருந்தது. விரல்கள் நீளம். நகம் வளர்ந்திருந்தது, அந்த வயதுக் குழந்தைக்கு அவ்வளவு நகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அழுததா? நான் இருந்த நாற்பது நிமிடத்தில் அழவில்லை. வலியா என்றால் தெரியாது. முகம் சுளிக்கவில்லை, அது உறுதி. கண் திறந்ததா என்பதும் தெரியாது. நான் எடுத்த படங்களில் மூடித்தான் இருந்தது. ஒரு சமயம் நான் ஜன்னல் பக்கம் போய்த் திரையை நகர்த்திக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால், குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர், "இங்க பாரு, இங்க பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் திரும்பியபோது கண் மூடியிருந்தது.

இன்னொன்று நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக்கு விக்கல் வந்தது. ஏழெட்டு விக்கல். அந்தச் சின்ன உடம்பு ஒவ்வொரு விக்கலுக்கும் தூக்கிப்போட்டது. நர்ஸிடம் கேட்டேன், அதில் ஒன்றும் இல்லை என்றார். தூக்கி வைத்திருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருடி உன்ன நெனைக்கிறா? உங்கம்மாதான். தூக்கத்துலயும் நெனைக்கிறா பாரு" என்றார். அவர் விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைப் பக்கத்தில் போய் எடுத்தேன். அவர் நகக்கண்ணில் கிரீஸ் கறை. தேய்த்துக் கழுவியிருக்கிறார், ஆனால் போகவில்லை. குழந்தையின் நகம் அதன் பக்கத்தில் அரிசி நொய்போல இருந்தது.

இவ்வளவுதான். குறைவாக இருக்கிறது. ஆனால் இதில் எதையும் நான் கட்டவில்லை.

— ஸ்டூடியோக்காரர்

*

மார்ச் 31

போட்டோக்காரருக்கு,

தூக்கி வைத்திருந்தவர் யார்?

உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் காதில் நின்றேன். என் இடது காதும் அப்படித்தான் மடிந்திருக்கும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் இஸ்திரி மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதோம். அது நல்ல அழுகை. அதற்கப்புறம் விக்கலுக்கு வந்தேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் நகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். ஆனால் அவர் உள்ளே போகவில்லை. நான் கண் விழித்த அன்று கேட்டேன்.

"எப்படி இருந்தா?"

"நான் பாக்கல."

"பாக்கலன்னா?"

"உள்ள போகல. வெளியவே நின்னுட்டேன். என்னால முடியல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

சொல்லும்போது என்னைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவ்வளவுதான். ஒன்பது மணி நேரம் உயிரோடு இருந்த குழந்தையைப் பெற்ற தகப்பன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அவள் யாருமில்லாமல் போயிருக்கிறாள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 'ஒரு மாசம் அக்கா வீட்டுல இருந்துட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து, "மாத்திரை போட்டியா?" என்பார். "போட்டேன்" என்பேன்.

இப்போது நீங்கள் அவர் சிரித்தார் என்கிறீர்கள். பேசினார் என்கிறீர்கள்.

ஆறு வருடமாக இப்படிக் குழந்தைகளை எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். வேறு ஒரு குழந்தை, வேறு ஒரு தகப்பன் உங்கள் நினைவில் கலந்திருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளும் என் பெண்ணும் ஒரே கார்டில் கிடந்தார்களே, அதுபோல. கிரீஸ் கறை படிந்த கை உலகத்தில் ஒருவருக்குத்தானா இருக்கிறது? அப்படியானால் காதும் வேறு குழந்தையின் காதுதானா?

தயவுசெய்து யோசித்துச் சொல்லுங்கள். எது அவள், எது அவள் இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது.

— பு.பி.

*

ஏப்ரல் 9

சகோதரிக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டதுதான். என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருடத்தில் முப்பத்தொரு குழந்தைகள். ஒவ்வொன்றையும் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். சிலது வந்தது, சிலது வரவில்லை. சிலதில் ஒரு குல்லாய் மட்டும் வந்தது. விக்கல் எடுத்தது உங்கள் குழந்தைதான் என்று மனசு சொல்கிறது. ஆனால் சத்தியம் செய் என்றால் தயங்குகிறேன். சத்தியம் செய்ய முடியாத ஒன்றை உங்களுக்கு எழுதி, உங்கள் வீட்டுக்குள் கலகம் மூட்டிவிட்டேனே என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மருத்துவமனைக்குப் போய் நர்ஸிடம் கேட்கலாம் என்று கிளம்பினேன். வாசல்வரை போனேன். "காய்ச்சல் போயிடுச்சா சார்?" என்று காவலாளி கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று மீட்கிற இடத்திலிருந்து பார்சல் வந்தது. அங்கே வேலை பார்க்கும் அம்மணியிடம் போனில் பேசினேன்.

"சார், கார்டுக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு. படத்த வெச்சிருக்கிற சிப்பு ஒண்ணு, எது எங்க இருக்குன்னு கணக்கு வெச்சிருக்கிற சிப்பு ஒண்ணு. உங்களுதுல கணக்குப்பிள்ள செத்துட்டாரு. சரக்கு குடோன்லதான் கிடக்கு, ஆனா எது யாரோடதுன்னு சொல்ல ஆள் இல்ல. துண்டு துண்டா எடுத்து ஒட்டிப் பாத்தோம்."

"என் படம் எத்தனை வந்துச்சும்மா?"

"ஸ்கூல் பசங்க நூத்திப் பத்தொன்பது பேரு முழுசா வந்திருக்காங்க சார்."

"அதில்லம்மா. அதுக்கு முன்னாடி எடுத்தது."

"மூணு கிடைச்சுது சார். ரெண்டு திறக்கவே மாட்டேங்குது. ஒண்ணு மேல மூணுல ஒரு பங்கு வரைக்கும் வருது. அதுக்குக் கீழ வெறும் சாம்பல் கலரு. அதையும் நாலு நாள் விடாம பாத்தேன். மன்னிச்சிடுங்க."

யாரை யார் மன்னிப்பது!

அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கவரைப் பிரிக்குமுன் உட்கார்ந்துகொள்ளுங்கள். குழந்தையின் முகம் இதில் இல்லை. குல்லாயின் உச்சி மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மீதியை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் சாம்பல்தான், நான் பார்த்துவிட்டேன்.

தெரிவது தூக்கி வைத்திருந்தவரின் முகம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தெரியும். அவர் உங்கள் கணவர் இல்லையென்றால், நான் எழுதியது எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

— ஸ்டூடியோக்காரர்

*

ஏப்ரல் 21

ஸ்டூடியோ அண்ணனுக்கு,

அவர்தான்.

கவர் வந்தது வெள்ளிக்கிழமை காலை. நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன், அந்தச் சைக்கிள்மேல். ஊதா நிறச் சட்டை. அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் தாடி. குனிந்து பார்க்கிறார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அழவில்லை, சிரிக்கவும் இல்லை. யாராவது மெதுவாகப் பேசினால் காது கொடுத்துக் கேட்போமே, அப்படி. அவளைப் பார்க்கவே இல்லை என்று சொன்னவர் வேறு எதையுமே பார்க்காமல் இருக்கிறார்.

போன் செய்தேன். "நீங்க உள்ள போயிருக்கீங்க" என்றேன். மறுமுனையில் லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. "யார் சொன்னா?" என்றார். "கிளம்பி வாங்க" என்றேன்.

மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். கருவிப் பையோடு வந்திருந்தார், வேலையிலிருந்து நேரே. அக்கா சாப்பாடு போட்டாள். சாப்பிட்டார். நான் படத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்துவிட்டுக் கையைக் கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ தனியா போயிட்டான்னு ரெண்டு மாசமா நான் செத்துக்கிட்டு இருக்கேன். எதுக்கு?"

"அவ கண்ணத் திறந்தா" என்றார். "ஒரே ஒரு தடவ. திறந்து சுத்திச் சுத்திப் பார்த்தா. நான் 'இங்க பாரு, இங்க பாரு'ன்னேன். என்னப் பாக்கல. உன்னத்தான் தேடுறான்னு எனக்குத் தோணுச்சு. நீ கண் முழிச்சதும் மொத வார்த்தையா அவ எப்படி இருந்தான்னு கேட்ட. சொல்ல ஆரம்பிச்சா அதச் சொல்லாம எப்படி இருப்பேன்? அதச் சொன்னா நீ எப்படித் தாங்குவ? அதான் பாக்கவே இல்லன்னுட்டேன். திட்டினா என்னத் திட்டுவ, என்னோட போகும்னு நெனச்சேன்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். நிறையச் சொன்னேன். அக்கா இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமலே போனாள். அது அவள் பிறந்ததிலிருந்து செய்யாத காரியம்.

விக்கலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவராகவே சொன்னார். ஒன்பது விக்கலாம், ஏழெட்டு இல்லை. திருத்திக்கொள்ளுங்கள். மற்றபடி நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்துப் பிசகில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. அந்த முப்பத்தெட்டும் எனக்கு வேண்டும். இன்னும் பல வருடம் கழித்தும் ஏதோ ஒரு நாள் சாலையைக் கடக்கும்போது உங்களைத் திட்டுவேன். அதை மறைத்து எழுத எனக்கு வராது. ஆனால் நர்ஸ் அடுத்த தடவை கூப்பிட்டால் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். போங்கள். எனக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த அறையில் இன்னொரு ஆள் நின்று பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்திராவிட்டால் நான் இந்தச் சைக்கிள்மேலேயே கிழவியாகியிருப்பேன்.

அவர் பத்து நாள் லீவு போட்டிருக்கிறார். அத்தான் சைக்கிளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த இடத்தில் ஒரு பாய் விரித்திருக்கிறோம். தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவர் கொஞ்சம் சொல்கிறார். அவள் பிறந்த காலை ஏழு மணியிலிருந்து ஆரம்பித்தார். யார் தூக்கிக்கொண்டு போனார்கள், லிஃப்ட் எந்த மாடியில் நின்றது, அது நின்ற அதிர்வில் அவள் கை எப்படி உதறியது, ஒன்றையும் விடுவதில்லை. சொல்ல வராத இடத்தில் நிறுத்திவிடுவார். நான் அவசரப்படுத்துவதில்லை.

நேற்று சொன்னதில், அன்றைய மத்தியானம் ஒரு மணி வரை வந்திருக்கிறார். அவள் தூங்குகிறாள். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.